ஓவராயில் பண்ணின 28 இன்ச் ஹெர்குலிஸ்ல பூ பாக்கப் போனோம்: அல்சூர்ல இருந்து நந்தி வரைக்கும்

முதல்லயே முடிவ சொல்லிடறேன், ஓவராயில், அதாவது வண்டிய முழுசா கழட்டி சரி பண்ணி மாட்டற வேலை, பலிச்சிடுச்சு. ரொம்ப வருஷமா மாடிப்படிக்குக் கீழ துருப்பிடிச்சு நின்ன பழைய 28 இன்ச் ஹெர்குலிஸ், பெங்களூர் அல்சூர்ல கிளம்பி தேவனஹள்ளி கோட்டை, நந்தி கிராமத்துக் கோயில், சிக்கபள்ளாபூர், தொட்டபள்ளாபூர்னு சுத்திட்டு நல்லபடியா வீடு வந்து சேந்துடுச்சு. மார்ச் ஆரம்பத்துல லீவு சேந்தாப்புல வந்தப்ப போனோம், வழி முழுக்க பூ. அக்கா அவளோட கியர் சைக்கிள்ல வந்தா, நான் இந்த இரும்பு வண்டியில. இந்தப் பதிவுல பாதிக்கு மேல ரிப்பேர் வேலைதான் இருக்கும், ஏன்னா பூ பாக்கற வேகத்துக்கு வண்டிய கொண்டு வர்றதுதான் இங்க வேலையே, அது சரியா அமைஞ்சதுக்கு அப்புறம் மத்ததெல்லாம் தானா நடந்துச்சு.

பெங்களூர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், ஜனவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்த ஊர் வேற ஊரு. இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டக் கிளையில ரோஸ் கலர் டபெபூயா பூக்கும், அது முடியறப்ப மஞ்சள் டபெபூயா, அது கூடவே ஊதா ஜகரண்டா, அப்புறம் புங்கை, கடைசியா கொளுத்தற வெயில்ல குல்மோகர். 1908ல லால்பாக் பொறுப்புக்கு வந்த குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல்னு ஒரு ஜெர்மன்காரர் இருந்தாரு, வருஷம் முழுக்க ஊருல ஏதாவது ஒரு மரம் பூத்துக்கிட்டே இருக்கணும்னு யோசிச்சு தெருவுக்குத் தெரு மரம் நட வெச்சாரு. 1980கள்ல வனத்துறை அதிகாரி நெகின்ஹால் காலத்துல இன்னும் லட்சக்கணக்குல நட்டாங்க. இன்னைக்கு ஜெயநகர்லயும் கப்பன் பார்க்லயும் நின்னு போட்டோ எடுக்கறவங்க எல்லாரும் இவங்க ரெண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கோம், நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனா ஊருக்குள்ள பூவ கார்ல இருந்தும் பைக்ல இருந்தும் பாத்து பாத்து எனக்கு திருப்தியே இல்ல. ஊர் தாண்டி வடக்கால போனா பலாசு, புங்கை, மாம்பூ, திராட்சைப் பந்தல் எல்லாம் இருக்கு, நடுநடுல பழைய ஊருங்க இருக்கு, சைக்கிள்ல போனா என்னன்னு அக்கா கேட்டா. "சரி, ஆனா இந்த வண்டியிலயா வரப் போற, நந்தி வரைக்கும் மிதிப்பியாடி?"ன்னு அவளே திருப்பிக் கேட்டா. கேள்வி நியாயமான கேள்விதான். வண்டி இருபது கிலோவுக்கு மேல வெயிட்டு, முன்னாடி பல்சக்கரம் 44 பல்லு, பின் சக்கரத்துல இருக்கற பல்சக்கரம், அதாவது ஃப்ரீவீல், 18. அம்பத்தூர்ல செஞ்ச வண்டி, பின்னி மில்லுல வேலை பாத்து ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டு தாத்தாவோடது, அவங்க வீட்டுல குடுத்தாங்க. ஃப்ரேம் அசையாம அப்படியே இருக்கு, மத்தது எல்லாம் இறுகிப் போயிருந்துச்சு.

சரி, கழட்ட ஆரம்பிச்சேன்.

இந்த மாதிரி வண்டியில முதல் எதிரி கோட்டர் பின். கிராங்க்க (பெடல் மாட்டற கை) பி.பி. ஆக்ஸில்ல, அதாவது ஃப்ரேமோட அடியில ரெண்டு கிராங்க்கையும் சேக்கற பாட்டம் பிராக்கெட் அச்சுல, பிடிச்சு வெச்சிருக்கற அந்த சின்ன ஆப்பு. நட்ட முழுசா கழட்டிட்டு சுத்தியலால அடிச்சா மரை நசுங்கி பின் வெளியவே வராது, அதனால நட்ட ரெண்டு மரை மட்டும் விட்டு அதுமேலதான் அடிக்கணும். அதவிட முக்கியம், கிராங்க்குக்கு அடியில முட்டுக் குடுக்கணும். ஒரு ஜி.ஐ. பைப் துண்ட தரையில இருந்து கிராங்க் வரைக்கும் சரியா நிக்கற மாதிரி வெட்டி, பின்னோட தலை பைப் ஓட்டைக்குள்ள இறங்கற மாதிரி வெச்சேன். முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி மொத்தமும் பால்ரஸ் குண்டுமேலயும் அது உருளற கப்புமேலயும் இறங்கி அங்க குழி விழுந்துடும். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வெச்சிருந்தேன். இடது பக்கம் ரெண்டே அடியில வந்துச்சு, வலது பக்கம் வளைஞ்சு போச்சு, அத ட்ரில் போட்டுதான் எடுக்க வேண்டியதாப் போச்சு.

பி.பி.யில வலது பக்கக் கப்புக்கு மரை தலைகீழ். கடிகார முள்ளு சுத்தற பக்கம் திருப்பினாதான் கழலும், இது தெரியாம எதிர்பக்கம் பலம் போட்டா இன்னும் இறுகும். அந்தக் கப்ப நான் கழட்டவே இல்ல, ஃப்ரேம்லயே வெச்சு துணியால தொடைச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், வழவழப்பா இருந்துச்சு, விட்டுட்டேன். இடது கப்புல குழி விழுந்திருந்துச்சு, ஆக்ஸிலும் தேஞ்சிருந்துச்சு, ரெண்டும் புதுசு. குண்டு கால் இன்ச், பக்கத்துக்கு 11. பின்னாடி ஹப்புக்கும் (சக்கரத்தோட நடுக் குடம்) கால் இன்ச்தான், பக்கத்துக்கு 9. முன்னாடி ஹப்புக்கு மூணுபதினாறு (3/16 இன்ச்), பக்கத்துக்கு 10. பழைய குண்ட கழுவித் திருப்பி போடலாம்னு தோணும், போடாதீங்க, புதுசு மொத்தமே அறுபது ரூபாதான் ஆச்சு. கழுவறதுக்கு மண்ணெண்ணெய் இப்ப எங்க கிடைக்குது, டீசல்தான், பழைய ஐஸ்க்ரீம் டப்பாவுல ஊத்தி பெயிண்ட் ப்ரஷ்ல தேச்சேன்.

ஹப்புல குண்ட பிடிச்சு வெக்கற கோன் நட்டு இறுக்கறதுல கொஞ்ச நேரம் செலவு பண்ணுங்க. ஆக்ஸில விரலால சுத்தினா சொரசொரன்னு இருந்தா இறுக்கம் ஜாஸ்தி, ரிம்ம பக்கவாட்டுல ஆட்டினா லொடலொடன்னா தளர்வு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. வெளி நட்ட இறுக்கறப்ப கோன் கூட கொஞ்சம் இறுகும், அதனால ஒரு முடி அளவு தளர்வா விட்டுட்டு வெளி நட்ட பூட்டினா கரெக்டா வந்து உக்காரும்.

இப்ப ஃப்ரீவீல். எனக்கு இதுலதான் நேரம் போச்சு, பலனும் இதுலதான் கிடைச்சுது.

கலாசிபாளையம் பக்கத்துல பழைய சைக்கிள் பார்ட்ஸ் விக்கற கடை ஒண்ணு இருக்கு, கடைக்காரர் திருவண்ணாமலைப் பக்கம், ஐம்பது வருஷத்துக்கு மேல இங்கதான் இருக்காரு. எங்க போறோம்னு சொன்னதும், "இன்னாமா, பதினெட்ட வெச்சிக்கினா நந்திக்குப் போவப் போற? முட்டி போயிடும். இருபது போடு"ன்னாரு. 20 போட்டு ஓட்டிப் பாத்தேன். ரிச்மண்ட் டவுன் மேம்பாலம் மாதிரி ஏத்தத்துல வெறும் வண்டிக்கு போதும், கேரியர்ல ஏழு கிலோ கட்டினதும் எழுந்து நின்னு மிதிக்க வேண்டியிருந்துச்சு. திரும்பப் போயி சொன்னேன், உள்ள போயி தேடி தூசி தட்டி 22 எடுத்துட்டு வந்தாரு.

கணக்கு இப்படி. 28 இன்ச் டயர் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2.23 மீட்டர் போகும். 44க்கு 18ன்னா பெடல் ஒரு சுத்து சுத்தறப்ப வண்டி 5.45 மீட்டர் நகரும். 20 போட்டா 4.91. 22 போட்டா சக்கரம் சரியா ரெண்டு சுத்து, 4.46 மீட்டர். நிமிஷத்துக்கு அறுபது சுத்து நிதானமா மிதிச்சா 18ல மணிக்கு இருபது கிலோமீட்டர், 22ல பதினாறு. நாலு கிலோமீட்டர் வேகம் போகுது, ஆனா ஏத்தத்துல சீட்ட விட்டு எழுந்திருக்காம போகலாம், மரத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே போகலாம். இந்த ட்ரிப்புக்கு எனக்கு அந்தப் பதினாறுதான் வேணும், இருபது வேணாம்.

பழைய 18ஐ கழட்டினது தனிக் கதை. ஃப்ரீவீல் ரிமூவர் பிடிக்கறதுக்கு உள்ள ரெண்டு காடி இருக்கும், அதுல ஒண்ணு ஏற்கனவே ஒடைஞ்சிருந்துச்சு. ரிமூவர வைஸ்ல பிடிச்சு சக்கரத்த இடது பக்கம் திருப்பினா இன்னொரு காடியும் வழுக்கிடுச்சு. அதுக்கப்புறம் ஒரே வழி, ஃப்ரீவீல் மூடிய தட்டித் திறக்கறது. அந்த மூடிக்கும் மரை தலைகீழ்தான், உளி வெச்சு கடிகாரப் பக்கமா தட்டணும். திறந்ததும் அரிசி சைஸ் குண்டு எல்லாம் கொட்டும், பல்லுச் சக்கரம் தனியா வந்துடும், உள்ள இருக்கற உடம்ப வைஸ்ல நேரா இறுக்கிப் பிடிச்சு ரிம்ம ரெண்டு கையாலயும் திருப்பினோம். நான் ஒரு பக்கம் கடைப் பையன் ஒரு பக்கம். 'டக்'குனு ஒரு சத்தம், கழண்டுடுச்சு. புதுசு போடறப்ப மரையில நல்லா கிரீஸ் தடவிப் போட்டேன், அடுத்த தடவ மாத்தறவங்க இவ்வளவு கஷ்டப்படக் கூடாது.

நாலு பல்லு கூடினதால பழைய செயின் நீளம் பத்தாது. கூடின பல்லுல பாதிதான் செயின்ல சேக்கணும், அதாவது ரெண்டு கண்ணி, ஒரு இன்ச். புது செயின் வாங்கி பழசு பக்கத்துல தொங்க விட்டு ஒரு இன்ச் ஜாஸ்தியா வெட்டினேன். அடுத்த பிரச்சன, முழு செயின் கவர் இருந்த வண்டி இது, 22 பல்லு ஃப்ரீவீல் கவரோட பின்பக்கத்துல உரசுச்சு. தட்டி விரிச்சுப் பாத்தேன், சத்தம் நிக்கல. அந்த அழகான பச்சைக் கவர கழட்டி பத்திரமா வெச்சிட்டு அரைக் கவர் போட்டேன். புடவையோ சுடிதாரோ கட்டிட்டு ஓட்டறவங்க இத யோசிச்சு முடிவு பண்ணுங்க, அரைக் கவர்ல பேண்ட் கால மடிச்சு கட்டணும்.

பின் சக்கரத்த முன்ன பின்ன நகத்தினா கம்பி பிரேக்கும் (கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்கற பிரேக்) கெட்டுப் போகும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. இந்த வண்டியில பிரேக் கட்டை ரிம்மோட பக்கத்துல பிடிக்காது, உள்பக்கத்துல, ஹப்ப பாத்த பக்கத்துல போய் அழுத்தும். சக்கரம் அரை இன்ச் நகந்தா ஒரு கட்டை முன்னாடியே தொடும், இன்னொண்ணு தொடவே தொடாது. அதனால வரிசை இதுதான்: முதல்ல செயின் இழுவை, அப்புறம் சக்கரத்த நடுவுல நிறுத்தி நட்டு இறுக்கறது, கடைசியா பிரேக். அதே காரணத்தாலதான் இதுல ரிம்முல பக்கவாட்டுக் கோட்டத்தவிட (வளைவு) மேல கீழ கோட்டம் மோசம், கட்டை ஒரு எடத்துல கவ்வி ஒரு எடத்துல விடும். ஸ்போக்ஸ் கம்பி நாலு மாத்தி கோட்டம் எடுக்கறத அந்தக் கடைக்காரரே பண்ணிக் குடுத்தாரு. கைய ரிம்முமேல வெச்சுக்கிட்டு கண்ண மூடிக்கிட்டு சுத்தினாரு, ஸ்பேனர் தானா அந்தக் கம்பிக்குப் போச்சு, நான் அத பாத்துக்கிட்டே நின்னேன்.

கோட்டர் பின் மாட்டறதுக்கு ரெண்டு விஷயம். ரெண்டு பின்னும் எதிரெதிர் பக்கத்துல இருந்து போகணும், ஒரே பக்கமா போட்டா ரெண்டு கிராங்க்கும் ஒரே கோட்டுல இருக்காது, மிதிக்கறப்ப நொண்டும். ரெண்டாவது, புது பின்னோட சாய்வ அரத்தால கொஞ்சம் கொஞ்சமா தேச்சு, போட்டுப் பாத்து, மறுபடி தேச்சு, கடைசியில மரை அஞ்சாறு மில்லிமீட்டர் வெளிய வர்ற மாதிரி கொண்டு வரணும். புது பின் முதல் அம்பது கிலோமீட்டர்ல தளரும். "ஓட்டிட்டு, மறுபடி ஒரு தட்டு தட்டி நட்ட இறுக்கு, நட்ட மட்டும் இறுக்கினா மரைதான் போவும்"னு கடைக்காரர் அழுத்திச் சொன்னாரு.

சுமைக்கு கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்கற கித்தான் பை, பால்காரங்க வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி. எடைய ரெண்டு பக்கமும் ஒரே அளவா போடணும், தண்ணி கேன் ஒரு பக்கம்னா ஸ்பேனரும் பம்பும் இன்னொரு பக்கம். கட்டறதுக்கு பழைய டியூப்ப நீளமா வெட்டின ரப்பர் பட்டை, கயிறவிட நல்லா பிடிக்கும். பஞ்சர் சாமான், ஒரு டியூப், கால் மீட்டர் வால்டியூப் (வால்வுமேல மாட்டற ரப்பர் குழாய்). இந்த வால்டியூப்ப மறக்காதீங்க, சின்ன ரப்பர்தான், ஆனா வெயில்ல ஒட்டிக்கிட்டு கிழிஞ்சா காத்து நிக்காது, நெடுஞ்சாலையோர பைக் பஞ்சர் கடைகள்ல இப்ப இது வெச்சிருக்கறதே இல்ல.

ஊருக்குள்ள ஓட்டிப் பாக்கறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழம காலையில அல்சூர் ஏரி, எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், லால்பாக்னு போனேன். டபெபூயா ரோஸ் உச்சத்துல இருந்துச்சு, நடைபாதை முழுக்க பூ உதிர்ந்து கிடந்துச்சு, ஈரமா இருந்தா அதுமேல டயர் வழுக்கும், பாத்து போங்க. லால்பாக் வாசல்ல வண்டிய பூட்டிட்டு நடந்து உள்ள போனேன். ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்ச தோட்டம், 1889ல வந்த கண்ணாடி மாளிகை, எல்லாத்துக்கும் முன்னாடி அந்தப் பாறை, முன்னூறு கோடி வருஷம் பழசுன்னு போர்டுல போட்டிருக்காங்க, அதுமேல ஏறி நின்னு நகரத்துக்குள்ள எங்கெங்க ரோஸ் நிறம் தெரியுதுன்னு பாத்தேன். திரும்பி வர்ற வழியில வலது பெடல் கீழ வர்றப்ப எல்லாம் 'டிக்'குன்னு ஒரு சத்தம். பி.பி. தான்னு சந்தேகப்பட்டு அத பிரிக்கப் போறதுக்கு முன்னாடி பெடல மாத்திப் பாத்தேன், சத்தம் போயிடுச்சு. இந்த மாதிரி 'டிக்' சத்தம் வந்தா பெடல், கோட்டர், அப்புறம்தான் பி.பி., செலவு கம்மியானதுல இருந்து தேடிட்டு போங்க.

கிளம்பின அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல இருந்தோம். ஏர்போர்ட் போற பெல்லாரி ரோடு சைக்கிளுக்கு ஆகாது, அதனால ஹென்னூர், பாகலூர் வழியா போயி ஏர்போர்ட்ட சுத்திக்கிட்டு தேவனஹள்ளி. ஹென்னூர் தாண்டற வரைக்கும் லாரியும் தூசியும்தான். பாகலூர் கிட்ட இட்லி சாப்பிட்டோம், அதுக்கப்புறம் ரோட்டோரம் புங்க மரம் ஆரம்பிச்சுது. புங்கைக்கு அந்த நேரத்துல வர்ற தளிர் பச்சை இருக்கே, பூவுக்குக் கம்மியில்ல. சில மரத்துல வெள்ளையும் இளம் ஊதாவும் கலந்து பூ வந்துடுச்சு, அடியில பொரி கொட்டின மாதிரி கிடந்துச்சு. மாந்தோப்பு பக்கம் போறப்ப மாம்பூ வாசம், தேனீ சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. பதினாறு கிலோமீட்டர் வேகத்துல இது எல்லாமே கிடைக்கும். அக்கா கியர் சைக்கிள்ல முன்னாடி போயி போயி நின்னுக்கிட்டு இருந்தா, கொஞ்ச நேரத்துல அவளே என் வேகத்துக்கு வந்துட்டா.

தேவனஹள்ளிக் கோட்டை மெயின் ரோட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, ஏர்போர்ட் போற அத்தன பேரும் அத கடந்துதான் போறாங்க, உள்ள வந்தவங்க கம்மி. 1501ல மல்லபைரே கௌடர் மண்ணால கட்டினது, பிறகு ஹைதர், திப்பு காலத்துல கல்லுக் கோட்டையா மாறுச்சு, 1791ல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸோட படை பிடிச்சுது. திப்பு பொறந்த ஊர் இதுதான், பொறந்த எடம்னு ஒரு சின்ன கல் மண்டபம் இருக்கு. எனக்கு பிடிச்சது, கோட்டை இன்னும் காலியாகல. உள்ள தெரு இருக்கு, வீடு இருக்கு, வேணுகோபாலசாமி கோயில் இருக்கு, துணி காயுது, பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க. சைக்கிள்லயே கோட்டை வாசலுக்குள்ள போயி அந்தத் தெருவுல மெதுவா ஓட்டறது தனி அனுபவம்.

அங்கதான் கோட்டர் பின் வேலையும். கிட்டத்தட்ட நாப்பது கிலோமீட்டர் ஆயிருந்துச்சு, கிராங்க்க பிடிச்சு ஆட்டினா வலது பக்கம் லேசா ஆடுது. நான் சுத்தியல் எடுத்துட்டு வரல, வெயிட்டு வேணாம்னு விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பஞ்சர் போடற அண்ணன் ஒருத்தர் இந்த வண்டிய பாத்ததும் சந்தோஷமாயிட்டாரு, அவரே ஒரு இரும்புத் துண்ட முட்டுக் குடுத்து ரெண்டு தட்டு தட்டி நட்ட இறுக்கிக் குடுத்தாரு, காசு வாங்கவே இல்ல. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அது அசையல. அடுத்த தடவ சின்ன சுத்தியல் ஒண்ணு கண்டிப்பா பையில இருக்கும்.

தேவனஹள்ளி தாண்டினா பாறைக் குன்றுங்க. அவதி கிராமம், மல்லபைரே கௌடரோட முன்னோர் வந்து தங்கின ஊர், அத தாண்டி நந்திப் பக்கம் திரும்பினதும் மலை முழுசா கண்ணுக்கு முன்னாடி வந்துடும். இங்கதான் பலாசு. இலை ஒண்ணுகூட இல்லாம, கருப்புக் கிளையில ஆரஞ்சு நிறம், பாறை இடுக்குல இருந்து தீ பிடிச்ச மாதிரி. ஊருக்குள்ள நட்டு வளத்த டபெபூயா அழகுதான், ஆனா இது யாரும் தண்ணி ஊத்தாம தானா இந்தக் கல்லு மண்ணுல நிக்கற நம்ம ஊரு மரம், எனக்கு இதுதான் ஒசத்தி. ஒரு மைனாக் கூட்டம் பூவுக்குள்ள தலைய விட்டு தேன் குடிச்சிட்டு இருந்துச்சு. அந்த எடத்துல ரொம்ப நேரம் நின்னோம்.

நந்தி மலை மேல ஏறல. 1478 மீட்டர் உச்சி, கொண்டை ஊசி வளைவு, கம்பி பிரேக் வண்டிய அங்க இருந்து இறக்கறது ஆபத்து. எங்களுக்கு வேண்டியது அடிவாரத்துல இருக்கற போக நந்தீஸ்வரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்து கல்வெட்டு இருக்கு, நுளம்பர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரம்னு ஒவ்வொருத்தரா சேத்து சேத்து கட்டினது. ஒரு பக்கம் அருணாசலேஸ்வரர், ஒரு பக்கம் போக நந்தீஸ்வரர், நடுவுல உமா மகேஸ்வரர், அதுக்கு முன்னாடி கறுப்புக் கல்லுல கல்யாண மண்டபம், தூண்ல கொடியும் கிளியும். அருணாசலேஸ்வரர் சன்னதியில சிங்க முகப் பிள்ளையார், தேடிப் பாருங்க. இன்னொரு சன்னதியில உக்காந்திருக்கற சிலைய ராஜேந்திர சோழன்னு சொல்றாங்க. பின்னால படிக்கட்டுக் குளம், அத பினாகினி ஆத்தோட மூலம்னு நம்புறாங்க. அந்தப் பினாகினிதான் நம்ம தென்பெண்ணை, இந்த மலைத்தொடர்ல பொறந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் தாண்டி கடலூர்ல கடல்ல சேருது. குளத்துப் படியில உக்காந்து கால நனைச்சிக்கிட்டு இத அக்காகிட்ட சொன்னேன், "அப்ப நம்ம கடைக்காரர் ஊர்ப் பக்கம் போற தண்ணியா இது?"ன்னா. ஆமா.

ராத்திரி சிக்கபள்ளாபூர்ல லாட்ஜ். போற வழியில திராட்சைப் பந்தல், பெங்களூர் ப்ளூ, ரோட்டோரமே கிலோ கிலோவா விக்கறாங்க. மறுநாள் விடியக்காலையில பூ மார்க்கெட் போனோம், சாமந்தி, செண்டு, ரோஜா, மூட்டை மூட்டையா ஏலம் போகுது. நின்னு பாக்கறதுன்னா ஓரமா நில்லுங்க, மூட்டை தூக்கறவங்களுக்கு வழி விடணும். கால் கிலோ செண்டுப்பூ வாங்கி ரெண்டு ஹேண்டில்பார்லயும் சுத்திக் கட்டினோம். அங்க இருந்து இன்ஜினியர் விஸ்வேஸ்வரய்யா பொறந்த முத்தேனஹள்ளி. அவர் வீடு இப்ப மியூசியம், சமாதியும் பக்கத்துலயே. தண்ணி அளவுக்கு ஏத்த மாதிரி தானா திறக்கற அணைக் கதவு செஞ்சவர் ஊருல, நாலு பல்லு கூட்டின ஒரு சைக்கிள நிறுத்திட்டு உள்ள போறது எனக்கு பெரிய சந்தோஷம்.

திரும்பறதுக்கு தொட்டபள்ளாபூர், எலகங்கா வழி. தொட்டபள்ளாபூர் தெருவுல நுழைஞ்சா தறிச் சத்தம், பட்டு நெய்யற ஊரு. அங்க கிட்ட ஒரு நீளமான இறக்கத்துல பிரேக்கோட எல்லை தெரிஞ்சுது. சுமையோட இருபத்தஞ்சுக்கு மேல வேகம் போனா கட்டை பிடிக்குது, ஆனா நிக்க ரொம்ப தூரம் எடுத்துக்குது. க்ரோம் பூசின இரும்பு ரிம், காய்ஞ்சிருக்கறப்பவே இப்படி, மழையில யோசிக்கவே வேணாம். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சிக்கிட்டு வரணும், அப்படித்தான் வந்தேன்.

செலவு: டயர் ரெண்டு 900, டியூப் ரெண்டு 360, ஃப்ரீவீல் 220, செயின் 250, பி.பி. கப்பும் ஆக்ஸிலும் 180, கோட்டர் ஜோடி 40, குண்டு 60, பிரேக் கட்டை நாலு 80, கிரீஸும் டீசலும் 150, ஃப்ரீவீல் கழட்ட கூலி 300, கோட்டம் எடுக்க 200. மொத்தம் 2,740 ரூபா. பெடல், அரைக் கவர், முதல்ல வாங்கின 20 பல்லு ஃப்ரீவீல், இதெல்லாம் இதுல சேரல, அந்த 20ஐ கடைக்காரர் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கிட்டாரு.

அடுத்த தடவைக்கு மாத்தப் போறது: 22 அப்படியே இருக்கும். முன் சக்கரத்துக்கு ட்ரம் பிரேக் ஹப் கிடைக்குமான்னு கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், கிடைக்கலன்னா அலுமினிய ரிம்மும் பக்கவாட்டு பிரேக்கும், அதுக்கு ஃபோர்க்குல ஓட்டை போடணும், அதுல எனக்கு இன்னும் மனசு ஒப்பல. டயர்ல காத்து 45 பி.எஸ்.ஐ.க்கு அடிச்சேன், பின்னாடி சுமை இருக்கறதால 50 வைக்கலாம். தேதி விஷயத்துல, ரோஸ் டபெபூயாவும் பலாசும் சேந்து வேணும்னா பிப்ரவரி கடைசி, புங்கையும் ஜகரண்டாவும் வேணும்னா மார்ச் கடைசி, ஆனா அப்ப காலையில பத்து மணிக்கு மேல வெயில் தாங்காது. சிவராத்திரிக்கு நந்தியில தேர், அன்னைக்குப் போனா தேர் பாக்கலாம், கோயில நிதானமா பாக்க முடியாது. அக்கா இப்பவே ஸ்ரீரங்கப்பட்டணம், மேல்கோட்டைன்னு ஆரம்பிச்சிட்டா. மைசூர் எக்ஸ்பிரஸ்வேல சைக்கிளுக்கு அனுமதி இல்ல, சர்வீஸ் ரோட்டுலதான் போகணும், இல்லன்னா மைசூர் வரைக்கும் ரயில்ல லக்கேஜா போட்டுட்டு அங்க இருந்து மிதிக்கணும். மேல்கோட்டை ஏத்தத்துக்கு 22 பத்துமான்னு தெரியணும், அதனால அதுக்கு முன்னாடி ஒரு நாள் பை ரெண்டையும் கட்டிக்கிட்டு ஸ்கந்தகிரிப் பக்கத்து ஏத்தத்துல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்.